சொந்த ஊரில் ஆவணப்பட விழா: டிரஸ்ட் பத்திரத்திலிருந்து திரை வரை

பாளையங்கோட்டையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்களுக்குக் கை கொடுப்பது, ஆண்டுக்கு ஒரு முறை மூன்று நாள் விழா நடத்துவது, இந்த இரண்டும்தான் நோக்கம். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். முதல் படம் திரையில் விழ இருபது மாதம் ஆனது. அதில் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம்தான் போனது. மீதியெல்லாம் தாள், கையெழுத்து, 'நாளைக்கு வாங்க சார்'.

செய்யவேண்டிய வேலை அவ்வளவு இல்லை. வரிசை மாறிப்போனதுதான் எங்களை அலைக்கழித்தது. போஸ்டர் அடித்துவிட்டு அனுமதி தேடினோம், பணம் வாங்கிவிட்டு ரசீது புத்தகம் தேடினோம். உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்கும் யோசனை இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

## 1. டிரஸ்டா, சங்கமா?

தமிழ்நாட்டில் மூன்று வழி இருக்கிறது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதியலாம். குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கும் உறுப்பினர் விவரமும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டாவது வழி பொது அறக்கட்டளை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது, இரண்டு பேர் இருந்தாலும் போதும். மூன்றாவது, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற நிறுவனம். பெரிய நிறுவனப் பணத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு அது சரி. ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து செய்வதற்கு அதன் ஆண்டுச் செலவு கட்டாது.

எங்களுக்கு ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. அதனால் டிரஸ்ட். காரணம் அவ்வளவுதான், பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. ஆனால் ஒன்று: சங்கத்தில் ஓட்டெடுத்து ஒருவரை மாற்றிவிடலாம். டிரஸ்டில் பத்திரத்தில் வழி எழுதியிருந்தால்தான் முடியும். எங்களுக்குள் சண்டையே வராது என்று நினைக்கும் நண்பர்கள்தான் இதை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

## 2. பத்திரம் எழுதும்போதே கோட்டை விடாதீர்கள்

ஆவண எழுத்தர்களிடம் ஒரு மாதிரிப் பத்திரம் இருக்கும். கோயில் அன்னதானம், ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம், மருத்துவ முகாம் என்று எல்லாம் அதில் இருக்கும், சினிமா மட்டும் இருக்காது. 'கலை, பண்பாடு வளர்த்தல்னு ஒரு வரி சேர்த்துக்கிடலாம் அண்ணாச்சி' என்பார். விட்டுவிடாதீர்கள். ஆவணப்படம் திரையிடல், விழா நடத்துதல், பயிற்சி, படம் எடுப்பவர்களுக்கு நிதியும் கருவியும் கொடுத்தல், ஆவணக் காப்பகம் என்று தனித்தனியாக நோக்கங்களில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத வேலைக்குச் செலவழித்தால் பின்னால் வரித்துறையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் இவையெல்லாம் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்:

- அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது.
- வருமானத்தில் ஒரு பைசாகூட அறங்காவலர்களுக்குப் பங்காகப் போகாது.
- கலைக்கப்பட்டால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும்.
- சாதி, மத வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் பயன்.
- நிதி இந்தியாவுக்குள் மட்டுமே செலவிடப்படும்.

கடைசி வரியில்தான் நாங்கள் சறுக்கினோம். 'சர்வதேச விழா' என்ற ஆசையில் 'இந்தியாவிலும் வெளிநாடுகளிலும்' என்று எழுதிவிட்டோம். அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழிப்பதற்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்பதால், வருமான வரிப் பதிவில் அந்த ஒரு சொல் கேள்வியாகத் திரும்பி வந்தது. திருத்தப் பத்திரம், திரும்ப ஒரு டோக்கன், திரும்ப ஒரு நாள் லீவு. வெளிநாட்டுப் படத்தை இங்கே காட்டுவதற்கு அந்தச் சொல் தேவையே இல்லை.

இன்னொரு பொறி படம் எடுப்பவர்களுக்கென்றே வைத்தது. அறங்காவலராக இருக்கும் இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ அறக்கட்டளையே பண உதவி செய்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. உங்கள் குழுவில் அடுத்த வருஷம் படம் எடுத்து உதவி கேட்கப்போகிறவர் யார் என்று இப்போதே பேசிவிடுங்கள். அவர் தேர்வுக் குழுவில் இருக்கலாம், ஆலோசகராக இருக்கலாம், அறங்காவலர் நாற்காலி மட்டும் வேண்டாம். எங்களில் ஒருவர் பத்திரம் பதிவதற்கு முந்தைய வாரம் விலகிக்கொண்டார். பதிந்தபிறகு விலகியிருந்தால் அதற்கும் ஒரு கட்டுத் தாள் சேர்ந்திருக்கும்.

பதிவு நாளன்று கொண்டுபோக வேண்டியவை: எல்லா அறங்காவலர்களின் ஆதார், பான் நகல், புகைப்படம், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்கு வீட்டு வரி ரசீதும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். பதிவுத் துறை இணையதளத்தில் முன்கூட்டியே டோக்கன் போட்டுவிடுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்தர் கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்களில் முடியும். 'பதினஞ்சு ஆகும்' என்று யாராவது சொன்னால் எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

## 3. பெயரும் இனிஷியலும்

டிரஸ்டுக்குத் தமிழில் அழகான பெயர் வைப்பீர்கள். வையுங்கள். ஆனால் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு, வரிப் பதிவு மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டல் வர வேண்டும். 'ழ'வை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்தவர் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்து பிசகினாலும் வங்கியில் மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

அறங்காவலர்களின் பெயர் அதைவிடத் தொல்லை. நம் ஆட்களுக்கு ஆதாரில் முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். பத்திரத்தில் தமிழ் முன்னெழுத்து. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். எங்கள் பொருளாளருக்கு இதைச் சரிசெய்யவே ஐந்து வாரம் போனது. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எல்லோருடைய ஆதாரையும் பான் அட்டையையும் மேசையில் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

டிரஸ்டுக்குப் பான் வாங்க 107 ரூபாய். இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அடுத்து வங்கிக் கணக்கு: பத்திரத்தின் சான்றிட்ட நகல், பான், கணக்கு தொடங்கவும் யார் யார் கையெழுத்திடலாம் என்றும் சொல்லும் தீர்மானம், அறங்காவலர்களின் அடையாள ஆவணங்கள், முகவரிச் சான்று. தீர்மானத்தில் 'இருவர் சேர்ந்து' கையெழுத்து என்று போடுங்கள், அது பாதுகாப்பு. நாங்கள் முதலில் போன கிளையில் '12ஏ இருந்தால்தான் கணக்கு' என்று சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 12ஏ என்பது வருமான வரித் துறைப் பதிவு, அடுத்த பகுதியில் வருகிறது. கணக்கு தொடங்க அது நிபந்தனையே அல்ல. கிளையை மாற்றினோம், ஒன்பது நாளில் கணக்கு வந்துவிட்டது.

கணக்கு வரும்வரை யாரிடமும் பணம் வாங்காதீர்கள். 'இப்ப என் ஜிபேயில வாங்கிக்கிறேன், அப்புறம் மாத்திக்கலாம்' என்பது நட்பையும் கணக்கையும் சேர்த்தே கெடுக்கும்.

## 4. 12ஏ, 80ஜி

12ஏ பதிவு இருந்தால் டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி இருந்தால் உங்களுக்கு நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை. இரண்டுக்கும் இணையத்தில் விண்ணப்பம், அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் கூலிதான் செலவு. எங்களிடம் வாங்கியது இரண்டுக்கும் சேர்த்து 8,000 ரூபாய். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறிவிட்டன. ஆனாலும் ஆடிட்டரிடம் போய் 12ஏ, 80ஜி என்று பழைய பெயரைச் சொன்னாலே புரியும்.

புது டிரஸ்டுக்கு முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. அதை நிரந்தரம் என்று நினைத்துப் பிரேம் போட்டு மாட்டிவைத்துவிடாதீர்கள். வேலையைத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் அடுத்த கட்டப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் திரையிடல் நடத்திய நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள், அங்கிருந்து எண்ணுங்கள்.

80ஜி இருக்கிறது என்று சொன்னவுடன் எல்லோரும் அள்ளிக்கொடுத்துவிட மாட்டார்கள். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் சலுகை இல்லை. கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் வந்து உங்களைக் குறை சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கூடவே தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோகின் தர்பன் தளத்தில் இலவசமாகப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மானியம் எதற்குப் போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

## 5. யாருடைய பணத்தை வாங்கலாம்?

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

நுழைவுக் கட்டணம். ஆவணப்பட விழா 'பொதுப் பயன்' என்ற வகையில் வரும். அந்த வகை டிரஸ்டில், கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையில் வரும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விழாவுக்கு வருபவர்களிடம் வாங்கும் பிரதிநிதிக் கட்டணம், படம் அனுப்பும் கட்டணம், விழா மலரில் போடும் விளம்பரம் மூன்றையும் அந்தப் பக்கம் வைத்துக் கணக்குப் பாருங்கள். எங்களுக்கு மொத்த வரவு 2,63,000 ரூபாய். 150 பேரிடம் தலா 200 என்று பிரதிநிதிக் கட்டணம் 30,000. சுமார் 11 சதவீதம், தப்பித்தோம். ஆளுக்கு 500 என்று வைத்திருந்தால் மாட்டியிருப்போம்.

உண்டியல். வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கொடுத்தவர் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு 30 சதவீத வரி. சின்ன விழாவில் பெட்டியில் விழுவது அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டிவையுங்கள், பெயர் எழுதிவிட்டுப் போடட்டும்.

வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஐம்பதாயிரம் அனுப்புகிறேன் என்பார். முதல் கேள்வி: 'மச்சான், பாஸ்போர்ட் எந்த நாடு?' இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் பணம் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பத்து டாலர்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் முதல் பக்க நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அந்தப் பதிவு வேண்டுமென்றால் டிரஸ்ட் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், பணம் வந்து இறங்கும் கணக்கு தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். என்றாவது விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பத்திரத்தில் 'செய்திப் படம்', 'நடப்பு நிகழ்ச்சிகள்' போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒலி, ஒளி வடிவில் செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் தயாரிக்கும் அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்க அந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது.

அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்கள் உதவ முன்வந்தால் பணமாக வாங்காதீர்கள். அவர்கள் அரங்கில் அவர்களே நடத்தும் ஒரு நாள் திரையிடலாகக் கேளுங்கள்.

## 6. தேதியும் அரங்கும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், மழை. 2023 டிசம்பரில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் இதில் வாதாட மாட்டார்கள். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. ஏப்ரலில் கல்லூரி செமஸ்டர், மாணவர்கள் வர மாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வரும் ஆண்டென்றால் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களை விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கடைசியில் மிஞ்சியது ஆகஸ்ட்.

தியேட்டர் வாடகை நமக்குக் கட்டாது. கல்லூரி அரங்குதான் வழி. வாய்மொழி ஒப்புதலை நம்பாதீர்கள். நாங்கள் முதலில் பேசிவைத்திருந்த கல்லூரியில் பன்னிரண்டு நாள் முன்னால், 'நிர்வாகத்தில் வேற மாதிரி சொல்றாங்க' என்று கைவிரித்துவிட்டார்கள். என்ன படம் காட்டப்போகிறோம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த இடத்தில் தேதி, நேரம், மின்சாரச் செலவு, படப் பட்டியல் எல்லாம் போட்டு முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. படங்களை வரவழைப்பது

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் இலவச அழைப்பு வைத்தால் படம் கொட்டும். அதில் பாதி ஆவணப்படமாகவே இருக்காது. எங்களுக்கு 340 வந்தன. உட்கார்ந்து பார்க்க வேண்டியதாக இருந்தது 110தான். முதல் ஆண்டு அந்தத் தளமே வேண்டாம் என்பேன். ஒரு கூகுள் படிவம், தெரிந்த இயக்குநர்களுக்கு நேரடிக் கடிதம் போதும். மதுரையில் 'மறுபக்கம்' 1998இலிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. ஒரு முறை போய் மூன்று நாள் உட்கார்ந்து பாருங்கள். படமும் கிடைக்கும், படம் எடுப்பவர்களும் கிடைப்பார்கள், எவ்வளவு எளிமையாக நடத்தலாம் என்பதும் தெரியும்.

தேர்வான படத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மின்னஞ்சல் போதும். எந்த நாள், எத்தனை காட்சி, கட்டணம் எவ்வளவு, கோப்பை விழா முடிந்ததும் அழித்துவிடுவோம் என்ற நாலு வரி. யூடியூபில் இருக்கும் படம் என்றாலும் இதே விதி. யூடியூபில் கிடக்கிறது என்பதற்காக அரங்கில் போட உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

திரையிடல் தொகை கட்டாயம் கொடுங்கள். 24 படங்களுக்குத் தலா 2,000 கொடுத்தோம். சின்னத் தொகைதான். ஒருவர் போன் செய்து, 'பன்னிரண்டு விழாவுல போட்டிருக்கேன் தோழர், காசு கொடுத்தது நீங்கதான்' என்றார்.

## 8. தணிக்கை விலக்கு: போஸ்டருக்கு முன்னால் இது

பெரும்பாலான ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிடக் கூடாது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் விழாக்களுக்கு விலக்கு தரும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு இருக்கிறது. அதற்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அனுப்ப வேண்டியவை: விழா இயக்குநரின் கடிதம், டிரஸ்ட் பத்திர நகல், தேதியும் இடமும், படப் பட்டியல், ஒவ்வொரு படத்துக்கும் கதைச் சுருக்கமும் நீளமும் மொழியும் நாடும், படங்களைப் பார்த்துப் பரிந்துரைத்த தேர்வுக் குழுவினரின் பெயரும் பின்னணியும், விழா லாப நோக்கற்றது, பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே திரையிடல் என்ற உறுதிமொழி. அதனால்தான் 'பிரதிநிதிப் பதிவு' என்ற ஒன்றை எல்லா விழாக்களிலும் வைத்திருக்கிறார்கள். நீங்களும் வாசலில் ஒரு பதிவேடு வையுங்கள்.

45 நாளாவது கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஒரு படத்துக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணையுங்கள், அதற்கு விலக்கு தேவையில்லை. பத்து ஆண்டு முடிந்த பழைய சான்றிதழ் செல்லுமா என்ற குழப்பமும் 2023 சட்டத் திருத்தத்தோடு தீர்ந்துவிட்டது. செல்லும்.

நாங்கள் செய்த தவறு இது: பட்டியலை அனுப்பிய பிறகு ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்த்தோம். விலக்குக் கடிதம் வந்தது. சேர்த்த படம் அதில் இல்லை, எப்படி இருக்கும்? இயக்குநர் கோவையிலிருந்து பஸ் ஏறிவிட்டார். படத்தைப் போடாமல், அவரை மேடையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தோம். பட்டியல் அனுப்பும் நாளோடு தேர்வு முடிந்தது என்று எழுதி ஒட்டுங்கள். எத்தனை பெரிய நண்பர் கேட்டாலும் சரி.

அனுப்பிய எல்லாப் படத்துக்கும் விலக்கு வரும் என்றும் நினைக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி நடத்தும் ஆவணப்பட விழாவிலேயே 2017இல் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. 2019இல் அதே விழாவில் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் படம் ஒன்று கேரள உயர் நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. மாநில அரசின் அமைப்புக்கே இந்த நிலை. உங்களிடம் வக்கீல் வைக்கும் காசு இருக்காது. அதனால் அட்டவணையில் சான்றிதழ் உள்ள படங்கள் இரண்டு, மூன்றை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டரில் நாளும் இடமும் போடுங்கள், படப் பெயர்களை விலக்குக் கடிதம் வந்தபிறகு போடுங்கள்.

## 9. கோப்பு, கொம்பு, கேபிள்

இயக்குநர்களிடம் எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் கேளுங்கள்: முழு எச்டி, எச்.264 எம்பி4 கோப்பு, ஸ்டீரியோ ஒலி, சப்டைட்டில் தனிக் கோப்பாக. கல்லூரி அரங்கில் தியேட்டர்களுக்கான டிசிபி கோப்பை ஓட்டும் கருவி இருக்காது, வாங்கிவைத்துப் பயனில்லை. விமியோ போன்ற வீடியோ தள இணைப்பை நம்பி விழா நடத்தாதீர்கள். தேர்வுக் குழு பார்க்கத்தான் இணைப்பு. திரையிட இரண்டு வன்தட்டில் கோப்பு இருக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு ஆள் வீட்டில்.

தமிழ் சப்டைட்டிலுக்கு வருவோம். ஒடியா மொழிப் படம் ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகள் மூன்று வாரம் உட்கார்ந்து தமிழில் எழுதினார்கள். என் மடிக்கணினியில் அருமையாக ஓடியது. அரங்கின் கணினியில் போட்டால் 'கொடுத்தான்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். தொண்ணூறு நிமிஷப் படம் முழுக்க அப்படி. முதல் வரிசையிலிருந்த தமிழாசிரியர் எழுந்துபோய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய பிளேயர்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. தீர்வு ஒன்றுதான்: சப்டைட்டிலைப் படத்தின்மேல் பதித்துப் புதுக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, கோப்பு யூனிகோட் யுடிஎஃப்-8இல், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் ஆங்கிலச் சப்டைட்டிலை அப்படியே மொழிபெயர்த்தால் வரி நிற்காது, சுருக்கித்தான் எழுத வேண்டும். பதித்த பிறகு முழுப் படத்தையும் ஒருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது 'கல்யாணத்துக்கா சார்?' என்று கேட்பார்கள். 150 பேர் அரங்குக்கு 5,000 லூமென்ஸ் வெளிச்சமாவது வேண்டும். முந்தின நாள் பகல் பதினொரு மணிக்குச் சோதித்துப் பாருங்கள், சாயங்காலம் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கல்லூரி அரங்குகளில் மேலே கண்ணாடி வென்டிலேட்டர் இருக்கும். நாங்கள் கறுப்புத் துணி 40 மீட்டர் வாங்கி அடைத்தோம். மேடையிலிருந்து கடைசி வரிசை வரை எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தால் படம் விட்டு விட்டு வரும். 'கேபிள் நீளம் ஜாஸ்தி அண்ணாச்சி, ஆப்டிக்கல் போடணும்' என்று ஒலி அமைக்க வந்த தம்பி சொன்னது வேதவாக்கு. மடிக்கணினியை விமானப் பயன்முறையில் போடுங்கள். சோகமான காட்சியின்மேல் எங்கள் செயலாளரின் வாட்ஸ்அப்பில் 'மோர்க்குழம்பு வச்சாச்சு' என்று வந்து நின்றது.

## 10. எவ்வளவு ஆனது?

மூன்று நாள், 24 படம், வெளியூர் விருந்தினர் 11 பேர்:

- அரங்கு துப்புரவு, மின்சாரம்: 9,000
- புரொஜெக்டர், திரை, ஒலி: 48,000
- பயணம், தங்கல்: 74,000
- திரையிடல் தொகை: 48,000
- சாப்பாடு, டீ: 52,000
- அச்சு: 14,000
- ஜெனரேட்டர், துணி, சில்லறை: 11,000

ஆக 2,56,000 ரூபாய். கேடயம், பொன்னாடை, பூங்கொத்து எதுவும் கிடையாது. அந்தக் காசில்தான் திரையிடல் தொகை கொடுத்தோம். வரவில் தனியார் நன்கொடை 1,68,000, உள்ளூர்க் கடைகள் 65,000, பிரதிநிதிக் கட்டணம் 30,000. நீங்கள் தொடங்கும்போது மூன்று லட்சம் கையில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தபிறகே தேதியை அறிவியுங்கள்.

## 11. படம் எடுப்பவர்களுக்கு உதவி

முதல் இரண்டு ஆண்டு பண உதவி அறிவிக்காதீர்கள். விழாச் செலவே மூச்சுமுட்டும். அதற்குப் பதிலாக மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் இரவல் கொடுங்கள், எடிட்டிங் பாதியில் நிற்கும் படத்தை மூத்தவர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் ஒரு நாள் பட்டறை வையுங்கள், சப்டைட்டில் போட்டுக்கொடுங்கள். முதல் படம் எடுப்பவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் எடிட்டிங்கில்தான், காசு அதற்கு அப்புறம். எங்கள் பட்டறைக்கு வந்த ஐந்து படத்தில் மூன்று அடுத்த ஆறு மாதத்தில் முடிந்தன.

பணம் கொடுக்கும் நிலை வந்ததும் மூன்று தவணையாகக் கொடுங்கள்: ஒப்பந்தத்தில் பாதி, முதல் எடிட்டிங் வடிவத்துக்குக் கால், முடிந்த படத்துக்குக் கால். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். படத்தின் உரிமை முழுக்க இயக்குநருடையது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். உதவித் தொகையைப் படமாக்கல் கூலி போல எழுதினால் தொழில்முறைக் கட்டணமாகி, ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டியிருக்கும். வாசகத்தை ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

## 12. விழா முடிந்த மறுநாளிலிருந்து

தூங்கிவிடாதீர்கள். பில்களை ஒரு வாரத்துக்குள் சேகரியுங்கள். டீக்கடைக்காரரிடம் மூன்று மாதம் கழித்துப் போய்த் தேதி போட்ட பில் கேட்டால் சிரிப்பார். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் நோக்கங்களுக்குச் செலவழித்தாக வேண்டும், மிச்சம் பிடித்தால் காரணம் காட்ட வேண்டும். 80ஜி நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அதற்கு ஒவ்வொருவருடைய பான் எண்ணும் வேண்டும் என்பதால் பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிவாங்குங்கள். எங்களுக்கு நன்கொடை தந்த ஒரு பெரியவர் பான் எண் கேட்டதும் சந்தேகப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். வீட்டுக்குப் போய் ரசீது புத்தகத்தைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரரும் கொடுத்திருப்பதைக் காட்டிய பிறகுதான் அட்டையை எடுத்துவந்தார். கணக்குத் தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. ஆகஸ்டில் விழா வைத்தால் முந்தைய ஆண்டுத் தணிக்கை வேலையும் அடுத்த விழாவும் ஒரே மாதத்தில் வந்து மோதும். அடுத்த முறை ஜனவரி கடைசிக்கு மாற்றியிருக்கிறோம்.